ஒரேகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வசதிகள்: ஹேவர்ட் மைதானமும் ஒரு மணல் தளமும்

போர்ட்லாந்துக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பதினோராம் வகுப்பை எட்டியதும் விடுமுறை நாள்களெல்லாம் பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். எங்கள் வீட்டிலும் இந்த வசந்தத்தில் அதுவே நடந்தது. ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் இருக்கும் யூஜீன் நகருக்கு மகளும் நானும் சென்று இரண்டு நாள் தங்கி, ஒரேகன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வந்தோம். மற்ற பெற்றோர் ஆய்வகத்தையும் விடுதியையும் உணவுக்கூடத்தையும் பார்ப்பார்கள். நாங்கள் விளையாட்டு வசதிகளையே பெரிதும் பார்த்தோம். மகள் பள்ளிக்காக 800 மீட்டர் ஓடுகிறாள். இந்தப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கும் வேகம் தனக்கு இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஆகவே அவளுடைய கேள்வி எளிமையானது: அணியில் இல்லாத ஒரு மாணவிக்கு இங்கே என்ன இருக்கிறது? என்னுடைய கேள்வி வேறு. சுண்ணாம்புக் கோடு கிழித்த செம்மண் தளத்தில் கல்லூரிக் காலத்தில் 400 மீட்டர் ஓடியவன் என்ற முறையில், ஒரு பல்கலைக்கழகம் விளையாட்டுக்கு எவ்வளவு செலவழித்தால் போதும் என்று சொல்லலாம், அந்தப் பணம் யாருடையது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அறிய விரும்பினேன்.

முதலில் ஹேவர்ட் மைதானம். 1919-இல் கால்பந்துக்காகத் திறக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் ஓடுதளமும் சேர்க்கப்பட்டு, 1904 முதல் 1947 வரை இங்கே பயிற்சியாளராக இருந்த பில் ஹேவர்டின் பெயரைத் தாங்கி நிற்கும் இடம் இது. அமெரிக்கக் கால்பந்து 1967-இல் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஆட்சன் அரங்கத்துக்குப் போய்விட்டதால், ஹேவர்ட் தடகளத்துக்கு மட்டுமே உரியதாயிற்று. 2018-இல் பழைய மாடங்களை முற்றிலும் இடித்துவிட்டு, 2020-இல் புதிய மைதானத்தைக் கட்டி முடித்தார்கள். நிலையான இருக்கைகள் 12,650. பெரிய போட்டிகளின்போது தற்காலிக மாடங்களைச் சேர்த்துக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்பது தடங்கள். வளைந்த மர விலாக்களின் மேல் ஒளி ஊடுருவும் கூரை போர்த்தியிருப்பதால், மழைக்காலத்தில் யூஜீன் வானம் தரும் சாம்பல் வெளிச்சம்கூட உள்ளே வந்துவிடுகிறது.

இதன் அருமை எங்கே இருக்கிறது என்பதைத் தடகளம் பார்த்துப் பழகியவர்கள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். நாம் அறிந்த பெரும்பாலான அரங்கங்கள் வேறு ஏதோ ஒரு பந்தாட்டத்துக்காகக் கட்டப்பட்டு, ஓரத்தில் ஓடுதளத்தையும் சுற்றிவிட்டவை. நாற்பதாயிரம் பேர் அமரும் மாடத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் ஓடுபவர்கள் எறும்பு ஊர்வதைப் போலத்தான் தெரிவார்கள். ஹேவர்டில் மாடம் ஓடுதளத்தை ஒட்டி எழும்புகிறது. கடைசி வளைவில் ஓடுபவரின் முகம் இறுகுவதும், மூச்சை இழுக்கும்போது தோள்கள் மேலேறுவதும் நம் இருக்கையிலிருந்தே தெரிகின்றன. நான் பார்த்த அரங்கங்களில் தடகளத்துக்கென்று இதைவிடச் சிறந்தது இல்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

2022 ஜூலையில் உலகத் தடகளச் சாம்பியன் போட்டி இங்கே நடந்தபோதும் நாங்கள் வந்திருந்தோம். அந்தப் போட்டி அமெரிக்க மண்ணில் நடந்தது அதுவே முதல் முறை. ஈட்டி எறிதல் இறுதியில் நீரஜ் சோப்ராவின் முதல் எறி செல்லாததாகிவிட, எங்கள் வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காவது முயற்சியில் 88.13 மீட்டர் என்று பலகையில் விழுந்தபோதுதான் மூவண்ணக் கொடிகள் எழுந்தன. கிரெனடாவின் ஆண்டர்சன் பீட்டர்ஸ் 90.54 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார், நீரஜுக்கு வெள்ளி. 2003-இல் பாரிஸில் அஞ்சு பாபி ஜார்ஜ் நீளம் தாண்டுதலில் பெற்ற வெண்கலத்துக்குப் பிறகு, இந்தியாவுக்கு இந்தப் போட்டியில் கிடைத்த இரண்டாவது பதக்கம் அது. மும்முறைத் தாண்டுதலில் நம் பிரவீன் சித்ரவேலும் இதே மைதானத்தில் தாண்டினார். இறுதிச் சுற்றுக்கு அவர் தேறவில்லை என்றாலும், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞரின் பெயரை அந்த ஒலிபெருக்கியில் கேட்ட நிறைவு எங்களுக்கு இருந்தது.

இம்முறை போட்டி எதுவும் இல்லாத நாளில் சென்றதால் கட்டடத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது. மூலையில் பத்து மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் கோபுரத்துக்குப் பயிற்சியாளர் பில் பவர்மனின் பெயர். கோபுரத்தின் அடியில் உள்ள காட்சிக்கூடத்துக்குப் பார்வையாளர்கள் போகலாம். மாடங்களுக்குக் கீழே அணி வீரர்களுக்கென்று 140 மீட்டர் நீளமுள்ள ஆறு தட நேர் ஓடுபாதை, நீர்ச் சிகிச்சைக்கான தொட்டிகள், விரிவுரை அரங்கு ஆகியவை இருக்கின்றன. உடலியங்கியல் துறையின் விளையாட்டு அறிவியல் ஆய்வகமும் இங்கேதான் இயங்குகிறது. ஓடுபவரின் காலை அளந்து ஆராயும் மாணவரும் ஓடுபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நல்ல ஏற்பாடு. இந்தச் செலவை விளையாட்டுக் கணக்கில் எழுதுவதா கல்விக் கணக்கில் எழுதுவதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பவர்மனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பணத்தைப் பற்றிப் பேச முடியாது. தம் வீரர்களுக்குத் தாமே காலணி தைத்துக் கொடுத்த விசித்திரமான பயிற்சியாளர் அவர். மனைவி வாஃபிள் சுடும் இரும்பு அச்சில் ரப்பர் கலவையை ஊற்றி, புதுவிதமான அடிப்பாகத்தை வார்க்க முயன்றவர்; நம் வீட்டில் யாராவது இட்லித் தட்டில் இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் அன்று இரவு உணவு கிடைத்திருக்காது. அவரிடம் ஒரு மைல் ஓட்டம் பயின்று 1959-இல் பட்டம் பெற்ற மாணவர்தான் ஃபில் நைட். இருவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு 1964-இல் தொடங்கிய காலணி வணிகம் பின்னர் நைக்கி ஆயிற்று. ஹேவர்ட் மைதானத்தின் மறுகட்டுமானம் நைட் தம்பதியரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிற நன்கொடையாளர்களும் கொடுத்த பணத்தில் நடந்தது. செலவு 27 கோடி டாலருக்கு மேல் என்று செய்தித்தாள்கள் எழுதின. நம் கணக்கில் அது இரண்டாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும்.

இந்தக் கட்டுமானங்கள் எழும்பிய முறையும் கவனிக்கத்தக்கது. இங்குள்ள பெரிய விளையாட்டுக் கட்டடங்கள் சிலவற்றில், பல்கலைக்கழகம் தன் நிலத்தை நன்கொடையாளரின் தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடும்; அந்நிறுவனம் தான் விரும்பும் கட்டடக் கலைஞரையும் ஒப்பந்ததாரரையும் வைத்துக் கட்டி முடித்து, கட்டடத்தைப் பரிசாகத் திருப்பித் தரும். வேலை விரைவாக முடியும், தரமும் குறையாது என்பதற்கு ஹேவர்டே சான்று. ஆனால் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று தானே கட்டினால் கடைப்பிடிக்க வேண்டிய பொது ஒப்பந்த விதிகளும், காட்ட வேண்டிய கணக்கும் இதில் விலகிவிடுகின்றன. பல்கலைக்கழகம் இவ்வளவு செலவழித்தது என்று நாம் வியக்கும் இடத்தில், உண்மையில் பல்கலைக்கழகம் பெற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகான பராமரிப்பு, பணியாளர் சம்பளம், மின்சாரம் ஆகியவைதாம் அதன் தலையில் விழும் செலவு.

கொடுப்பவரின் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் ஒருமுறை பார்த்துவிட்டது. காலணி, ஆடைத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்றில் 2000-ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் சேர்ந்ததும், நைட் தம் ஆதரவை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். ஆட்சன் அரங்கத்தின் விரிவாக்கத்துக்காக எதிர்பார்த்திருந்த பெருந்தொகை கேள்விக்குறியானது; அடுத்த ஆண்டுதான் உறவு சீரானது. அதே மனிதர் அறிவியல் ஆராய்ச்சி வளாகத்துக்காக 2016-இல் 50 கோடி டாலரும், 2021-இல் மேலும் 50 கோடி டாலரும் கொடுத்திருக்கிறார். பல்கலைக்கழக நூலகமும் அவருடைய குடும்பத்தின் பெயரைத் தாங்கியே நிற்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

மற்றப் பெரிய கட்டடங்களை விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஏனெனில் அவற்றை நாங்களும் விரைவாகத்தான் கடந்தோம். 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட மேத்யூ நைட் உள்ளரங்கம் கூடைப்பந்துக்கானது, 12,364 இருக்கைகள். ஆடுதளத்தின் ஓரங்களில் காட்டு மரங்களின் நிழலுருவைத் தீட்டியிருக்கிறார்கள். நேரில் அழகாக இருக்கிறது, தொலைக்காட்சியில் கோடு எங்கே மரம் எங்கே என்று கண் தடுமாறுகிறது. இந்த அரங்கம் முழுவதும் பரிசாக வந்ததன்று. மாநிலம் 20 கோடி டாலர் அளவுக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டியிருந்தது. அந்தக் கடனுக்குப் பின்பலமாக நைட் தம்பதியர் 10 கோடி டாலரை உறுதி நிதியாகக் கொடுத்தார்கள். கால்பந்து அணிக்கென்று 2013-இல் எழுந்த கறுப்புக் கண்ணாடிக் கட்டடத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பிரேசிலிலிருந்து மரம் வந்ததென்றும், உள்ளே முடிதிருத்தும் நிலையமும் உண்டென்றும் ஊரார் கதைபோலச் சொல்வது உண்மையே. 2010-இல் திறந்த ஜாக்குவா மையம் அணி வீரர்களின் படிப்புக்கானது: நீரால் சூழப்பட்ட கண்ணாடிப் பெட்டி போன்ற அழகிய கட்டடம். தரைத்தளத்தில் யாரும் காப்பி குடிக்கலாம்; மாடிகள் அணி வீரர்களுக்கு மட்டுமே. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே நிமிர்ந்து பார்த்த என் மகள், "அப்பா, படிக்கிறதுக்குமா தனி மாடி?" என்று கேட்டாள். பயணமும் போட்டியுமாக வாரத்தில் பாதி நாள் வகுப்புக்கு வர முடியாதவர்களுக்குத் தனி உதவி தேவைதான் என்று விளக்கினேன். அவள் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை; சொன்ன எனக்கும் முழு நம்பிக்கை இல்லை.

அவளுடைய கேள்விக்கு விடை ஹேவர்ட் மைதானத்தின் பக்கத்திலேயே இருக்கும் மாணவர் உடற்பயிற்சி மையத்தில் கிடைத்தது. கோபுரம் இல்லை, பெரிய நன்கொடையாளரின் பெயர் இல்லை, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்வதும் இல்லை. 2015-இல் பெரிதாக விரிவாக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில் நீச்சல் குளங்கள், கூடைப்பந்துத் தளங்கள், பளு தூக்கும் கூடங்கள், ஏறிப் பழகுவதற்கான செயற்கைப் பாறைச் சுவர், மழை நாளில் ஓடுவதற்கு உள்ளரங்க ஓடுபாதை எல்லாம் இருக்கின்றன. மழை இந்த ஊரில் இலையுதிர்காலத்தில் தொடங்கினால் வசந்தம் வரை விடாது என்பதால், கடைசியாகச் சொன்னதை ஆடம்பரமாகக் கருத வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு மாணவர் உதவிக்கு யாரையும் அழைக்காமல் குளத்தில் இறங்குவதைப் பார்த்தோம். யோகாசன வகுப்புக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு பேராசிரியர் போலத் தோன்றிய ஒருவர் வரிசையில் நின்றார். மகளின் முகம் முதன்முறையாக மலர்ந்தது இங்கேதான்.

இந்தக் கட்டடத்தின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் செலுத்தும் கட்டாயக் கட்டணங்களில் உடற்பயிற்சி மையத்துக்கான தொகையும் ஒன்று. நீச்சல் குளத்தை எட்டிப் பார்க்காதவரும் அதைக் கட்டியே ஆக வேண்டும். உலகின் மிகச் சிறந்த சில நூறு இளைஞர்களுக்கான வசதிகள் பெருஞ்செல்வரின் பரிசாக வர, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மாணவர்கள் தங்களுக்கான வசதியைத் தங்கள் கட்டணத்தில் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, கால்பந்து, கூடைப்பந்துப் போட்டிகளின் மாணவர் நுழைவுச்சீட்டுகளுக்காக மாணவர் மன்றம் தன் கட்டண நிதியிலிருந்து விளையாட்டுத் துறைக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்தும் வந்திருக்கிறது. பெற்றோர் கட்டணச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு முன் ஒன்றைச் சொல்வேன்: நாம் கட்டும் எல்லாச் சில்லறைக் கட்டணங்களிலும் நம் பிள்ளைக்கு முழுதாகத் திரும்பக் கிடைப்பது இதுவாகத்தான் இருக்கும். நான் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுப்பது ஹேவர்டுக்கும் இந்த மையத்துக்கும் மட்டுமே.

இரண்டாம் நாள் காலையில் வளாகத்துக்கு வெளியே உள்ள அமேசான் பூங்காவுக்குப் போனோம். அது நகரத்தின் பொதுப் பூங்கா. நடப்பவர்கள், நாயைக் கூட்டி வருபவர்கள், குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர்கள் என்று எல்லோரும் வந்துபோகும் இடம். அங்கே கடற்கரைக் கைப்பந்து ஆடும் மணல் தளங்கள் இருக்கின்றன. இந்தப் பூங்காவைப் பார்க்க எனக்குத் தனிக் காரணம் இருந்தது. 2023 டிசம்பரில் 32 பெண்கள் ஒரேகன் பல்கலைக்கழகத்தின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் கடற்கரைக் கைப்பந்து அணியினரும் படகோட்டும் மாணவியர் குழுவினரும் அவர்கள். கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு கூடாது என்று 1972-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவைப் பல்கலைக்கழகம் மீறுகிறது என்பது குற்றச்சாட்டு. பல்கலைக்கழகத்தைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணி, வளாகத்தில் தனக்கென்று தளம் இல்லாமல் இந்தப் பொதுப் பூங்காவில் பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் அடுக்கிய குறைகளில் ஒன்று. பல்கலைக்கழகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். என்னைப் போன்ற பழைய ஓட்டக்காரனுக்கு உறுத்துவது வேறொன்று. மணல் தளம் என்பது என்ன? மணல், வலை, நான்கு கம்பம், மாலை வெளிச்சத்துக்கு விளக்கு, உடை மாற்ற ஓர் அறை. கூரையில் பதித்த ஒளி ஊடுருவும் தகடுகளுக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்கில் முடிந்திருக்கக்கூடிய காரியம். அது ஏன் நடக்கவில்லை என்பதற்கு, கஞ்சத்தனத்தைக் காட்டிலும் பணம் வரும் வழியே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாம் ஓடிய தளத்தை உலகின் சிறந்த தளமாக்க ஒருவர் ஆசைப்படுவது இயல்பு. நம் ஊரிலும் படித்த பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தருபவர் தம் வகுப்பறையைத்தான் முதலில் நினைப்பார். கடற்கரைக் கைப்பந்து ஆடிப் பெருஞ்செல்வரான முன்னாள் மாணவி ஒருத்தி இன்னும் தோன்றவில்லை. பரிசாக வராததைத் தன் சொந்தப் பையிலிருந்து நிரப்புவதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. அந்த இடத்தில்தான் இது போதிய அளவு செலவழிக்கவில்லை என்பேன். மொத்தத் தொகையை வைத்துப் பேசினால் அந்தக் குறை கண்ணில் படாது.

இனிமேல் இது எளிதாகவும் இருக்காது. கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற நீதிமன்ற உடன்பாடு 2025-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சுமார் 2.05 கோடி டாலர். பெரிய அணிகளை வைத்துக்கொள்ள விரும்பும் எந்தப் பல்கலைக்கழகமும் அந்த வரம்பை ஒட்டியே செலவழிக்கும். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும் என்பதை ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை. இதே ஆண்டில் ஒரேகன் பல்கலைக்கழகம் வரவு செலவுப் பற்றாக்குறையைச் சொல்லிக் கல்விப் பணியிடங்களையும் குறைத்தது. 2024 முதல் பிக் டென் கூட்டமைப்பில் ஆடுவதால், அணிகள் நியூ ஜெர்சி வரை பறந்து போய் ஆடித் திரும்ப வேண்டியிருக்கிறது. படகோட்டும் பெண்களும் மணலில் ஆடும் பெண்களும் வரிசையில் எங்கே நிற்பார்கள் என்று மகள் கேட்டபோது, நான் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஹேவர்டை வெறும் கட்டடமாகப் பார்ப்பதைவிட, சிறிய பல்கலைக்கழகப் போட்டியானாலும் ஏதாவது ஒன்று நடக்கும் நாளில் போங்கள்; முன்கூட்டியே நுழைவுச்சீட்டு வாங்கிவிடுங்கள், மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் கட்டிய பழைய மர மாடத்தை இடிக்கக் கூடாது என்று 2018-இல் போராடிய யூஜீன்வாசிகள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் நரைத்த தலை ஒன்று அமர்ந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், காட்சிக்கூடத்தில் கிடைக்காத கதைகள் கிடைக்கும். உடற்பயிற்சி மையத்தைக் காட்டும்படி வளாகச் சுற்றுலா நடத்துபவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

ஊருக்குத் திரும்புமுன் வில்லமெட் ஆற்றின் நடைபாலத்தைக் கடந்து ஆல்ட்டன் பேக்கர் பூங்காவுக்குப் போங்கள். ஹேவர்டின் செல்லப் பிள்ளையாக விளங்கி, 1975-இல் இருபத்து நான்கு வயதில் கார் விபத்தில் மறைந்த ஸ்டீவ் பிரிஃபொன்டெய்ன், ஐரோப்பாவில் தாம் ஓடிப் பார்த்த மரச்சீவல் பாதையைப் போல இங்கேயும் ஒன்று வேண்டும் என்று நகரத்தாரிடம் வலியுறுத்தி வந்தார். அவர் இறந்த அதே ஆண்டில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ நான்கு மைல் நீளமுள்ள அந்தப் பாதைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். கட்டணம் கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. அணி வீரர்களும் நம்மைப் போன்றவர்களும் ஒரே சீவலை மிதித்துத்தான் ஓட வேண்டும். மகள் முழுச் சுற்றும் ஓடினாள். நான் பாதியில் நடையாக மாற்றிக்கொண்டேன். திரும்பி வந்தவள் காலணியில் ஒட்டியிருந்த ஈரச் சீவலைப் பாலத்தின் கம்பியில் தட்டிவிட்டு, விண்ணப்பப் பட்டியலில் யூஜீனை இரண்டாம் இடத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.